அக்காவைப் பார்க்கப் போன கப்பல்

1

சென்ற மாதம் ஊரிலிருந்து மச்சான் ரெலிபோன் எடுத்தார். மச்சான் என்றது என் மனைவி நேசத்தின் தம்பியை. செட்டிபாளையத்தில் இருக்கிறார். எங்களோடு கதைக்க வேண்டுமென்றால் புளியந்தீவுக்கு பஸ் ஏற வேண்டும். வழியில் ஆட்களை இறக்கிச் சோதிக்கிற இடங்களிலெல்லாம் இறங்கி ஏற வேண்டும். அதன் பிறகு கடையில் காத்திருக்க வேண்டும். அவ்வளவு பாடுபட்டு எடுத்தவர் சுகம்கூட விசாரிக்கவில்லை.

"மச்சான், கப்பல்ல உல்லாசப் பயணம் போனீங்களாமே?"

"ஆர் சொன்ன?"

"ஆர் சொன்னா என்ன, ஊரே கதைக்கிது. இஞ்ச நாங்க படுவான்கரைக்குப் போறதுக்கு ஒரு பாதைக்கு வெயில்ல காய்ஞ்சி நிக்கிறம். நீங்க மாளிகை மாதிரிக் கப்பல்ல கும்மாளம் அடிக்கிறீங்க."

"இல்ல மச்சான், அது வந்து..."

"வந்து? என்ன, இறால் பொரியல் நல்லமா?"

பாதை என்றது வாவியைக் கடந்து அக்கரையான படுவான்கரைக்குப் போகிற மிதவைப் படகை. அவர் பகிடியாகத்தான் கேட்டார். ஆனாலும் எனக்குப் பதில் வரவில்லை. நான் அப்படியான ஆள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. யாரும் நேரே பார்த்து ஒன்றைக் கேட்டால் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். எழுதுகிறபோது அந்தத் தொல்லை இல்லை. அதனால்தான் ஊர் மலருக்கு எதையாவது எழுதி அனுப்பு என்று நண்பர்கள் கேட்டதும் இதை எழுத உட்கார்ந்தேன். மச்சானுக்கும், அவரைப்போல் நினைத்த மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கப்பலில் போனது உண்மை. இறால் பொரியல் நல்லாகத்தான் இருந்தது. நாங்கள் போனது அதற்காக அல்ல.

2

எனக்கு ஓர் அக்கா. பெயர் பூரணம். சின்ன வயதில் எனக்கும் சேர்த்து வாய் அக்காவிடம்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னைப் பார்த்து "எங்க நோகுது?" என்று கேட்டால், "வயித்துக்க, வலப்பக்கம், ராத்திரித் தொடக்கம்" என்று அக்கா பதில் சொல்வார். டொக்டர் ஒருமுறை, "நோகுறது உனக்கா அவனுக்கா?" என்று கேட்டாராம். "அவனுக்குத்தான் ஐயா, சொல்லுறதுதான் நான்" என்றாராம் அக்கா.

அக்காவைப் படுவான்கரையில் கட்டிக் கொடுத்தார்கள். அத்தான் ஒருநாள் வட்டைக்கு, தன் வயலைப் பார்க்க, போனவர் திரும்பி வரவில்லை. அவரைக் கொண்டுபோனது யார் என்று இன்றுவரை தெரியாது. நான் நோர்வேக்கு முதலில் வந்தேன். இரண்டு வருடத்தின் பிறகு நேசமும் இரண்டு வயதில் நான் விட்டுவந்த மகள் சுதாவும் வந்தார்கள். அந்த இரண்டு வருடமும் அவர்களுக்குத் துணையாய் இருந்தது அக்காதான். கடைசியில், யாரும் இல்லாத வீட்டில் தனியாக இருக்க முடியாமல், அக்காவும் ஏஜென்சிக்காரன் காட்டிய வழியெல்லாம் அலைந்து ஜேர்மனிக்கு வந்து சேர்ந்தார்.

ஜேர்மனி நோர்வேக்குப் பக்கத்துத் தெரு மாதிரி என்று ஊரில் நினைப்பீர்கள். அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. அகதி வழக்கு முடியும்வரை, இருக்கச் சொன்ன மாவட்டத்தை விட்டு வெளியே கால் வைக்கக் கூடாது. வைப்பதென்றால் காரணம் எழுதிக் கொடுத்து அனுமதிக் கடிதம் எடுக்க வேண்டும். அக்கா இருக்கிற அகதி முகாமுக்கு நான் ரயிலில் போய்வர எனக்குக் கிடைக்கிற லீவு காணாது. ஒரு ஹோட்டலின் சலவை அறையில் வேலை. சனி ஞாயிறோடு ஒரு வெள்ளிக்கிழமை சேர்த்துக் கேட்டாலே மேலாளரின் முகம் மாறும். இப்படியே ஒத்திப்போட்டு ஒத்திப்போட்டு, அக்காவின் முகத்தைப் பார்த்து பதினொரு வருடமாகிவிட்டது.

பிறகு அக்காவின் வழக்கு முதல்முறை நிராகரிக்கப்பட்டது. மேல் விசாரணையும் சரிவராவிட்டால் கொழும்புக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள். ஏற்றினால் அதோடு சரி. என்னிடம் இருக்கிற அகதிப் பயணப் பத்திரத்தில் இலங்கைக்கு மட்டும் போக முடியாது.

அந்த நாட்களில்தான் எங்கள் தபால் பெட்டிக்குள் ஒரு வண்ணத் துண்டு விழுந்து கிடந்தது. புதிதாக ஒரு கப்பல் கம்பனி. வெள்ளி மதியம் ஒஸ்லோவில் ஏறினால் சனி காலை ஜேர்மனியின் வடகரை. அன்று பின்னேரம்வரை அங்கே இறங்கித் திரியலாம். ஞாயிறு மதியம் திரும்ப ஒஸ்லோ. புதுக் கம்பனி என்பதால் அரை விலை. கம்பனியின் பெயரை எழுதவில்லை, அவர்களுக்கு அது நல்லது.

அக்காவிடம் ரெலிபோனில் சொன்னேன். துறைமுகம் இருக்கிற ஊருக்கு ஒரு நாள் போய்வர, படிவத்தில் "தம்பியைக் காண" என்று காரணம் எழுதிக் கொடுத்தார். கடிதம் வர இரண்டு மாதம் போனது. சனிக்கிழமை ஒருநாள் மட்டும், இரவுக்குள் முகாமில் நிற்க வேண்டும் என்று அதில் இருந்தது.

"காணும்டா மனே," என்றார் அக்கா. "ஒரு நாள் காணும், அது போதும். நீ வந்து சேர்."

3

கப்பலைப் பற்றி முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன்.

ஏறின உடனே கம்பளம். கால் புதைகிற கம்பளம். நேசம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துவிட்டாள். சாப்பாட்டு மண்டபத்தில் நீள மேசைகளில் இறாலும் மீனும் பழங்களும் குவித்துக் கிடந்தன. எவ்வளவும் அள்ளலாம். "இதெல்லாம் ரிக்கற் காசுக்குள்ளயா?" என்று நேசம் மூன்று தரம் கேட்டுவிட்டுத்தான் கோப்பையை எடுத்தாள். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்து அவளுக்காகக் கதிரையைப் பின்னால் இழுத்துப் பிடித்தார். அவருக்குத்தான் கதிரை வேண்டுமாக்கும் என்று இவள் விலகி, "இருங்க, இருங்க" என்றாள். அவர் இருக்கவில்லை. இவளும் இருக்கவில்லை. கொஞ்ச நேரம் கதிரை சும்மா நின்றது.

நான் சலவை அறையில் ஒன்பது வருடமாக மேசை விரிப்புகள் கழுவுகிறேன். வைன் கறை, சோஸ் கறை, மெழுகுதிரிக் கறை எல்லாம் எனக்குத் தெரியும். அப்படியொரு விரிப்பின் முன்னால் சாப்பிட உட்கார்ந்தது அன்றுதான். இரண்டு கையையும் அதன்மேல் வைத்துக்கொண்டு இருந்தேன். பெருமையாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இனிக் கெட்டது. எங்கள் அறை கார்கள் நிற்கிற தட்டுக்கும் கீழே. ஜன்னல் இல்லை. நாங்கள் பெட்டியை வைத்து நிமிர்வதற்குள் வேறொரு குடும்பம் அதே இலக்கத் திறப்போடு கதவைத் திறந்துகொண்டு வந்தது. அந்த வழக்குத் தீர ஒரு மணித்தியாலம். பைப்பில் துருப்பிடித்த கறள் நிறத்தில் தண்ணீர். லிப்ட் ஒன்று ஏறும், இறங்காது. ஊழியர்களைக் கேட்டால், பாவம், அவர்களும் புதியவர்கள். எங்களைவிட அவர்கள்தான் கூடத் தடுமாறினார்கள்.

சுதாவுக்குப் பதின்மூன்று வயது. நாங்கள் தமிழில் கேட்டால் நோர்வே மொழியில் பதில் சொல்வாள். காதில் எந்நேரமும் பாட்டுக் கருவி. அவளுடைய கூட்டாளிகள் லீவுக்கு ஸ்பெயின் போகிறவர்கள். மேல் கட்டிலில் ஏறிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "எனக்குத் தெரியாத ஓர் ஆளைப் பார்க்க நான் ஏன் இந்தப் பெட்டிக்குள் கிடக்க வேண்டும்?" என்றாள்.

"தெரியாத ஆளா?" என்று நேசம் எழும்பினாள். நான் கையைப் பிடித்து இருத்தினேன். பிள்ளை சொன்னது பொய்யில்லை. நாலு வயதில் இங்கே வந்தவள். அவளுக்கு மாமி என்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் ரெலிபோனுக்குள் இருந்து, "புள்ள, சாப்பிட்டியா?" என்று கேட்கிற ஒரு குரல். அவள் "ஓம்" என்பாள். அடுத்த சொல் கிடையாது.

நேசம் பெட்டியைத் திறந்து, அக்காவுக்கென்று வாங்கின குளிர் அங்கியையும் வறுத்து இடித்த கறித்தூளையும் இன்னொரு தரம் சரிபார்த்து மடித்து வைத்தாள்.

4

காலையில் என்னை எழுப்பியது ஒரு சத்தம் அல்ல, சத்தம் நின்றது. கட்டில் அதிரவில்லை. மேலே ஏறிப் பார்த்தால் நாலு பக்கமும் கடல், கப்பல் சும்மா மிதந்துகொண்டிருந்தது. இயந்திரத்தில் கோளாறு, திருத்துகிறோம், மன்னிக்கவும் என்று ஒலிபெருக்கி சொன்னது. பத்து மணிக்குக் கரை சேர வேண்டியவர்கள். பத்து மணிக்கும் மிதந்தோம். நேசம் மணிக்கூட்டைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

"அக்கா வந்து நிப்பா."

"ஓம்."

"பகல் ரயிலுக்குத் திரும்பிப் போகோணும் எண்டவவே?"

"பின்னேர ரயில்."

அதன் பிறகு இயந்திரம் மறுபடி அதிரத் தொடங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு அறிவிப்பு. எல்லாப் பயணிகளும் அடையாளப் பத்திரங்களோடு பெரிய மண்டபத்துக்கு வர வேண்டும், நேர மாற்றம் பற்றிச் சொல்லப் போகிறோம்.

இங்கே நடந்ததைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பிறகு நாங்களும் சிரித்தோம்.

நோர்வேக்காரர்கள் கோப்பிக் கோப்பையோடு வந்து விரும்பிய கதிரையில் விழுந்தார்கள். மண்டபத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டு வரிசை உண்டாகியிருந்தது. ஒன்றில் ஆண்கள், மற்றதில் பெண்கள். முன்னால் நிற்கிறவரின் முதுகுக்கு ஒரு முழம் தள்ளி, நேராக. வலக்கையில் பத்திரம், முகப் பக்கம் வெளியே தெரிய. இடக்கையில் பை, வாய் திறந்தபடி. கப்பலில் எங்களைத் தவிர இன்னும் இரண்டு தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. நாங்கள் அதற்கு முன் ஒருவரோடு ஒருவர் கதைத்ததுமில்லை. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. கால்கள் தாமாகவே போய் நின்றுவிட்டன. எனக்கு முன்னால் நின்ற யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர், இடுப்பைத் தடவிப் பார்க்க வசதியாகச் சேட்டின் நுனியையும் தூக்கிப் பிடித்திருந்தார்.

சுதா ஓடி வந்தாள். முகம் சிவந்துபோயிருந்தது. அவசரத்தில் அவளுக்குத் தமிழ்தான் வந்தது.

"அம்மா, என்ன செய்யிறீங்க? எல்லாரும் பாக்கிறாங்க!"

"பொம்புளையள் இந்தப் பக்கம், புள்ள. நீயும் வந்து நில்லு."

"ஆர் சொன்ன?"

நேசம் சுற்றிவரப் பார்த்தாள். சுற்றி இருந்தவர்கள் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய கை மெதுவாகக் கீழே இறங்கியது. ஐயா திரும்பி என்னிடம், "பழக்கதோஷம், தம்பி" என்று சொல்லிவிட்டுச் சேட்டைக் கீழே விட்டார்.

வரவேற்பு மேசையில் பொறுப்பாக இருந்த பெண் எங்களிடம் வந்தார். ஏதாவது பிரச்சினையா, ஏன் இப்படி நிற்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார். நான் காலைப் பார்த்தேன். சுதா என்னைப் பார்த்தாள், பிறகு தாயைப் பார்த்தாள்.

நேசம் சுதாவிடம் மெல்லிய குரலில் சொன்னாள். "நீ மறந்திட்ட. பாதையால இறங்கினா இஞ்சால கரையில ஆமி. அங்கால கரையில மற்றவங்க. ரெண்டு பக்கமும் இப்பிடித்தான் நிக்கோணும். என்ட கையில பெட்டி. உன்னத் தூக்கி வச்சிருந்த ஆர் தெரியுமா? பூரணம் மாமி. ஒருநாள் வெயில் தாங்காம நீ கத்தின கத்து. துவக்கு வச்சிருந்த ஆமிப் பொடியனப் பாத்து மாமி கேட்டா, 'உன்ட கொம்மாவும் உன்ன இப்பிடித் தூக்கினவதானே, தண்ணி தா' எண்டு. அவனுக்குத் தமிழ் தெரியா. ஆனா தண்ணிப் போத்தல நீட்டினான்."

சுதா காதில் தொங்கிய வயரைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தாள். பொறுப்பாளர் பெண்ணின் பக்கம் திரும்பி நோர்வே மொழியில் சொன்னாள். "எங்கள் ஊரில் படகால் இறங்கினால் இப்படித்தான் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் சுடுவார்கள்."

அவள் "எங்கள் ஊர்" என்று சொன்னதை நான் அன்றுதான் கேட்டேன்.

5

அறிவிப்பு இதுதான். நேரம் மிகவும் பிந்திவிட்டது. கரையில் ஏறவேண்டியவர்களை ஏற்றிக்கொண்டு கப்பல் உடனே திரும்பும். ஜேர்மனியோடு பயணத்தை முடிக்கிறவர்கள் மட்டும் இறங்கலாம். போய்வரும் ரிக்கற்காரர் யாரும் இறங்க முடியாது. நட்ட ஈடாக ஒவ்வொருவருக்கும் ஒரு கேக் துண்டும் ஒரு பானமும்.

நேசம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

எங்கள் வீட்டில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் நான் பின்னால் நிற்பேன். முதலில் நேசம், அவள் களைத்தால் சுதா. வேலையிடத்தில் எனக்குப் பத்துச் சொல் போதும். அன்று நான் எழும்பி வரவேற்பு மேசைக்கு நடந்தேன். நடந்துபோகும் வழியில் வசனத்தை மனதுக்குள் கட்டிக்கொண்டு போனேன். மேசைக்குப் போனதும் பாதி அவிழ்ந்துவிட்டது. மிச்சத்தைச் சொன்னேன்.

"என் அக்கா கரையில் நிற்கிறா. பதினொரு வருடம். கொஞ்ச நேரம் இறங்க விடுங்கள்."

முடியாது என்றார் அந்தப் பெண். எல்லைப் பொலிஸ் ஒத்துக்கொள்ளாது, கப்பல் காத்து நிற்காது. கோபமாகச் சொல்லவில்லை. வேறு நாளாக இருந்தால் "சரி, நன்றி" என்று திரும்பியிருப்பேன். அன்று கால் திரும்பவில்லை. எனக்குப் பின்னால் கேக் சீட்டுக்கு நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் நின்றேன்.

"அவவைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள். பிறகு நான் பார்க்க முடியாது. அந்த நாட்டுக்கு நான் போக முடியாது."

இப்படி இத்தனை வசனம் நோர்வே மொழியில் ஒரேயடியாக நான் சொன்னதில்லை. இலக்கணம் எல்லாம் பிழையாகத்தான் இருந்திருக்கும். அந்தப் பெண்ணுக்கு விளங்கிவிட்டது. விளங்கினபடியால்தான் அவர் மறுபடி முடியாது என்று சொல்ல வாயெடுத்தும் சொல்லாமல் நின்றார்.

என் முழங்கைக்குப் பக்கத்தில் சுதா வந்து நின்றாள். அவள் என்னைத் தள்ளிவிட்டுத் தான் கதைக்கவில்லை. நான் முடிக்கும்வரை நின்றாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கப்பல் திரும்பி வெளியே போகும்போது எந்தப் பக்கம் கரைக்குக் கிட்டவாக இருக்கும்?"

அந்தப் பெண் யோசித்தார். "இடப்பக்கம்," என்றார். "முன்தட்டு. பயணிகளுக்கு அது பூட்டியிருக்கும்." கொஞ்சம் பொறுத்து, "புறப்படும்போது இங்கே வாருங்கள், நான் திறப்பேன்," என்றார்.

அந்தத் துறைமுகம் ஓர் ஆற்றுக்குள் இருக்கிறது. கடலில் இருந்து ஒடுங்கின வாயால் உள்ளே போக வேண்டும். உள்ளே போகும்போது கண்ணாடிக்குப் பின்னால் நின்று கரை முழுக்கப் பார்த்தோம். நாய் கொண்டு நடப்பவர்கள், ஐஸ்கிரீம் தின்பவர்கள், சைக்கிள்கள். அக்காவைக் காணவில்லை. துறைமுக மேடையில் கப்பலைக் கட்டியபோது தூரத்தில் கம்பி வேலிக்கு அப்பால் சனம் தெரிந்தது. அதிலும் முகம் பிடிபடவில்லை. பின்னேர ரயிலுக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா ஸ்டேசனுக்குப் போயிருப்பா," என்றாள் நேசம். "கடுதாசியில எழுதின நேரம் பிந்தினா அவவுக்குத்தான் கரைச்சல். நிண்டு என்ன செய்யிற?"

எனக்கும் அதுதான் நினைப்பு.

கப்பல் கிறுகி வெளியே போகத் திரும்பியது. பொறுப்பாளர் பெண் சொன்னபடி வந்து இரும்புக் கதவைத் திறந்துவிட்டார். நல்ல காற்று. வெயில் சாயத் தொடங்கியிருந்தது. மூன்று பேரும் இடப்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஆறு ஒடுங்க ஒடுங்கக் கரை கிட்ட வந்தது. மனிதர்களின் சட்டைப் பொத்தான்கூடத் தெரிகிற அளவுக்குக் கிட்ட. நேசம் மட்டும், நம்பிக்கை இல்லாமலே, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

குரவை. எங்கள் பக்கத்துப் பெண்கள் அம்மன் கோயில் சடங்கிலும் கலியாண வீட்டிலும் நாக்கைப் புரட்டிப் போடுகிற அதே குரவை. தனி ஒரு பெண்ணின் குரல், மூச்சு விடாமல், காற்றைக் கிழித்துக்கொண்டு வந்தது. கரையில் நாய்கள் குரைத்தன. நடந்துகொண்டிருந்த ஜேர்மன்காரர் எல்லாம் நின்றுவிட்டார்கள். ஆற்றுவாயின் ஓரத்தில், யாரோ கொடுத்த பெரிய ஆண்கள் சிவப்பு அங்கிக்குள், கீழே சேலை தெரிய, என் அக்கா நின்றார்.

பக்கத்தில் நேசம் திருப்பிக் குரவை போட்டாள். அவளுக்குள் அப்படியொரு குரல் இருந்தது எனக்கே மறந்துபோயிருந்தது.

"அக்கா! இறங்க விடல்ல!" இது நான். அடிவயிற்றில் இருந்து கத்தினேன்.

"தெரியும்டா மனே! அவனுகள் சொல்லிப்போட்டானுகள்! என்னடா இப்பிடி மெலிஞ்சி போனாய்?"

"ரயில் போகப் போகுது அக்கா!"

"போகட்டும்! நாளைக்கும் ரயில் இருக்கு! அது ஆரு, சுதாவா? என்ட புள்ளையா அது?"

சுதா கம்பியின் மேல் ஒரு காலை வைத்து ஏறினாள். "மாமி! மாமி!" என்று கத்தினாள். வேறு சொல் அகப்படவில்லைப் போலும். அகப்பட்ட ஒன்றையே எடுத்துக் கத்தினாள்.

"ஓமடி புள்ள, மாமிதான்! கப்பல் எப்பிடி, நல்லமா?"

சுதா என்னைப் பார்த்தாள். "தண்ணி கறள் மாமி! அறை சின்னன்! லிப்ட் இறங்காது!"

அக்கா இடுப்பில் கை வைத்துச் சிரித்தார். "நம்மட பாதைக்கு என்ன குறை எண்டு கேளு கொப்பனிட்ட!"

கப்பல் போய்க்கொண்டிருந்தது. அக்காவும் கரையோரமாகக் கூடவே ஓடினார். ஐம்பதுக்குக் கிட்டின மனிசி, சேலையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஆட்களை விலக்கி ஓடினார். ஆட்கள் தாங்களாகவே வழி விட்டார்கள். சிலர் கை தட்டினார்கள், ஏன் தட்டுகிறோம் என்று தெரியாமலே. கற்கள் போட்ட அணை முடிகிற இடம்வரை வந்து, அதற்கப்பால் தரை இல்லாததால் நின்று, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினார்.

நான் நன்றாகப் பார்த்தேன். தலைமயிர் முன்னுக்கு நரைத்திருந்தது. அந்த வாய் அப்படியே இருந்தது.

கொண்டுபோன பெட்டி எங்கள் அறையிலேயே இருந்தது. அங்கியையும் தூளையும் திங்கட்கிழமை தபாலில் அனுப்பினோம்.

6

அக்கா முகாமுக்கு விடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தாராம். ஏன் பிந்தியது என்று கேட்டார்களாம். மொழிபெயர்க்கிறவர் வந்ததும், "தம்பியைக் கண்டேன்" என்று சொல்லியிருக்கிறார். அதை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, இனிமேல் இப்படிச் செய்தால் அனுமதி கிடையாது என்றார்களாம். வழக்கு இன்னும் முடியவில்லை. என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. வக்கீலுக்கும் தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரெலிபோனில் கேட்டேன். "ஆத்து வாய்க்குப் போய் நிக்கோணும் எண்டு எப்பிடி அக்கா யோசிச்சீங்க?"

"வேலிக்கிட்ட நிண்டன். ஒருத்தரும் இறங்கமாட்டாங்க எண்டான். மறுகா என்ன செய்யிற? உள்ளுக்கு வந்த வள்ளம் வெளிய போகத்தானே வேணும். முகத்துவாரத்தில நிண்டா எந்த வள்ளம் தப்பும்? நடந்தன்."

"குரவை?"

"உன்னக் கூப்பிட்டா உனக்குக் கேக்குமா, அந்த இரைச்சலுக்க? வேற என்ன சத்தம்டா இருக்கு நமக்கு?" பிறகு சொன்னார். "டேய், இனி அவனுகள் என்ன எங்க ஏத்தி அனுப்பினாலும் பரவாயில்ல. நான் கண்டுட்டன்."

சுதா ரெலிபோனை என் கையிலிருந்து பறித்தாள். "மாமி, இதக் கேளுங்க" என்றாள். மூச்சை இழுத்து, கண்ணை மூடி, நாக்கைப் புரட்டி, ஒரு வாரமாகக் குளியலறைக்குள் பழகிய குரவையை ரெலிபோனுக்குள் போட்டாள். கீழ்வீட்டுக்காரர் தடியால் முகட்டில் இடித்தார்.

அந்தப் பக்கம் முகாமில் அக்கா சிரிக்கிற சத்தம், தள்ளி நின்ற எனக்கும் கேட்டது.

"ஐயோ புள்ள, என்ட காது போச்சு! அது குரவையில்ல, கோழி கூவுறது. நாக்க மேல ஒட்டாத, பக்கத்துக்கு ஆட்டு. ம். மறுகா ஒருக்காப் போடு."